மரமா, தோலா? பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு எந்த ஸ்டீயரிங்?

எம்ஜிபி மாதிரியான பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு வேறு ஸ்டீயரிங் மாட்ட நினைத்தால், முதலில் கண்ணில் நிற்பது மர வளையம்தான். 1960-களின் காருக்குள் அதன் அழகுக்கு ஈடே இல்லை. ஆனால் வழவழப்பான வார்னிஷில் வியர்த்த கை வழுக்கும். வெயிலிலேயே நிற்கும் காரில் வார்னிஷ் வெடிக்கும். கையுறை போட்டு நிதானமாக ஓட்டுபவருக்குச் சரி.

தோல் வளையம் பார்வைக்கு அடக்கமானது, பிடியோ உறுதி. தோல் நைந்தால் புதிதாகச் சுற்றித் தைத்துக்கொள்ளலாம். வளைவுகளில் விரட்டி ஓட்டும் ஆசை இருந்தால் தயங்காமல் தோலைத்தான் சொல்வேன்.

எதை வாங்கினாலும் விட்டத்தைப் பாருங்கள். பவர் ஸ்டீயரிங் இல்லாத காரில் 14 அங்குலத்துக்குக் கீழே போனால், வண்டியை பார்க் செய்யும்போது திருப்பத் தோள் வலிக்கும். மீட்டர்களையும் வளையம் மறைக்கலாம். அப்புறம், வளையத்தைக் காரோடு இணைக்கும், நடுவிலுள்ள ஹப். அதன் உட்பற்கள் காரின் ஸ்டீயரிங் தண்டோடும், துளைகள் வளையத்தோடும் பொருந்த வேண்டும். ஸ்டீயரிங் தயாரிக்கும் நிறுவனங்களில் மோமோவின் 6 துளைகள் 70 மி.மீ. வட்டத்தில், நார்டியின் 6 துளைகள் 74 மி.மீ. வட்டத்தில், ஒன்றுக்கான ஹப்பில் மற்றது உட்காராது. தண்டின் நட்டை, காரின் கையேடு சொல்லும் அளவுக்கு டார்க் ரெஞ்சால் (முறுக்கு விசையை அளந்து காட்டும் ஸ்பானர்) முறுக்குங்கள்.