பல் கேப் போட்ட கிளினிக் ரிவ்யூ: நாக்கு சொன்னதை நம்புற டாக்டர்

கீழ்க் கடவாய்ப் பல்லுல ரூட் கேனல் முடிச்சு ஜிர்கோனியாங்கிற பீங்கான் வகை கேப் போட்டாச்சு. எங்க ஏரியா கிளினிக்தான், ஒரே ஒரு சேர், வெயிட்டிங் ஹால்ல காத்து வராது, ஆனா கேப் ஃபிட்டிங்னா கண்ண மூடிட்டுப் போகலாம்.

நெறைய எடத்துல நீலக் கலர் பேப்பர கடிக்கச் சொல்லி, மை பட்ட எடத்த லேசா தேச்சுட்டு அப்படியே ஒட்டி அனுப்பிடுறாங்க. அந்தப் பேப்பர் மேல் பல்லும் கீழ்ப் பல்லும் இடிக்கிற எடத்ததான் காட்டும், பக்கவாட்டு ஓரத்தக் காட்டாது. இவங்க டெம்பரரி சிமென்ட்ல ஒட்டி "வீட்ல சாப்பிட்டு, நாக்கால சுத்தித் தடவிப் பாத்துட்டு வந்து சொல்லுங்க"ன்னாங்க. பாத்தா ஈறுக்குக் கொஞ்சம் மேல நாக்குப் பக்கமா நூல் கணக்கா ஒரு திட்டு, டார்ச் அடிச்சும் வீட்ல யார் கண்ணுக்கும் தெரியல. டாக்டரம்மா "பழகிடும்"னு தட்டிக் கழிக்கல, கொக்கி ஊசிய வெச்சு மெதுவா இழுத்து அதே எடத்தப் புடிச்சு பாலிஷ் போட்டாங்க.

கண்ணுக்குத் தெரியாதது நாக்குக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னா, நாக்கு நுனியில 1 மி.மீ. தள்ளி ரெண்டு முனை பட்டாலே ரெண்டுன்னு தெரியும், விரல் நுனிக்கு 2, 3 மி.மீ. வேணும், முதுகுக்கு 40 கிட்ட. மூளையில தொடு உணர்ச்சிக்கான பட்டையில உதடு, நாக்கு, கைக்கெல்லாம் அதோட சைசுக்கு சம்பந்தமே இல்லாம பெரிய எடம் ஒதுக்கியிருக்கு, மான்ட்ரியல்ல பென்ஃபீல்ட்ங்கிற மூளை ஆபரேஷன் டாக்டர் முழிச்சிருந்த நோயாளிகளோட மூளையில லேசா கரன்ட் குடுத்துப் பாத்து 1937லயே இத எழுதிட்டாரு. நாக்குல என்ன படுது, நாக்கு எவ்ளோ நகர்ந்துச்சு, ரெண்டையும் சேத்துதான் மூளை உருவத்தப் புரிஞ்சுக்குது.

ஆனா சைஸ் விஷயத்துல நாக்கு கொஞ்சம் ஏத்திச் சொல்லும், பல்லுல சின்ன ஓட்டை கூட கிணறாத் தோணும். அதனால கேப் பெருசா இருக்குன்னு தோணுச்சுன்னா சில நாள் பொறுங்க, கூரா உரசுச்சுன்னா விடாதீங்க. கீழ்ப் பல்லுக்கு மரத்துப்போற ஊசி போட்டிருந்தா பாதி நாக்கும் சேந்து மரத்துடும், அந்த நேரத்துல "ஓகேவா"ன்னு கேட்டா தலையாட்டாதீங்க, தெளிஞ்சதுக்கப்புறம் சொல்றேன்னு சொல்லுங்க.

மைனஸ்னா ரேட் கொஞ்சம் ஜாஸ்தி, ஒரு தடவ எக்ஸ்ட்ராவா அலையணும். சாயங்காலம் கூட்டம் அள்ளும், காலைல அப்பாயின்ட்மென்ட் வாங்கிக்கோங்க.