பிரிக்காத பெட்டி, 240 டாலர்

பழைய அமெரிக்கக் கார் மாடல் கிட்களை (பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டிச் சின்னக் கார் கட்டும் பெட்டிகள்) இணையத்தில் தேடி வாங்கும் பழக்கம் உங்களுக்கு இருந்தால், அடுத்த முறை பணம் அனுப்புவதற்கு முன்னால் இதை ஒரு தடவை படித்துவிடுங்கள். எனக்குப் போனது 240 டாலர். குடி முழுகிவிடவில்லை. ஆனால் ஏமாந்த விதம் இருக்கிறதே, அதுதான் இன்னும் வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

நான் இருப்பது மிஷிகனில், டெட்ராய்ட்டுக்குப் பக்கத்தில், ட்ராய் என்ற ஊரில். குளிர்காலம் இங்கே லேசில் முடியாது. அந்த மாதங்களில் பேஸ்மென்ட்டில் மேஜை போட்டு, விளக்கை இழுத்து வைத்துக்கொண்டு, 1/25 அளவில் கார் கட்டுவதுதான் என் பொழுதுபோக்கு. ஊருக்கும் அது பொருத்தம்தான். பிளாஸ்டிக் கார் கிட் என்றாலே அமெரிக்காவில் பலருக்கும் நினைவுக்கு வரும் ஏஎம்டி கம்பெனி பல காலம் இருந்தது இதே ட்ராயில். அதற்குப் போட்டியாக வந்த எம்பிசி இருந்தது பக்கத்திலேயே, மவுண்ட் கிளெமென்ஸில்.

நான் கட்ட ஆசைப்பட்டது 1969 பான்டியாக் ஜிடிஓ ‘ஜட்ஜ்’. மஸில் கார், அதாவது பெரிய எஞ்சின் வைத்த வேகக் கார் என்றால் நம் ஆட்கள் பலருக்கு மஸ்டாங்தான் ஞாபகம் வரும். ஆனால் இந்த வம்சத்துக்குப் பிள்ளையார் சுழி போட்டது ஜிடிஓதான் என்று சொல்பவர்களே அதிகம். நடுத்தர அளவுக் காரில் 330 கன அங்குலத்துக்கு மேல் எஞ்சின் வைக்கக்கூடாது என்று ஜெனரல் மோட்டார்ஸில் அப்போது ஒரு விதி. அதன் ஒரு பிரிவான பான்டியாக்கின் ஆட்கள் என்ன செய்தார்கள் என்றால், 1964 டெம்பெஸ்ட் காருக்கு ‘விருப்பப்பட்டால் சேர்த்துக்கொள்ளலாம்’ என்ற கணக்கில் 389 கன அங்குல எஞ்சினைக் கொடுத்து, விதியைத் தொடாமலே தாண்டிவிட்டார்கள். அதற்கு வைத்த பெயர்தான் ஜிடிஓ. ஐந்து வருடம் கழித்து வந்த ஜட்ஜில் 400 கன அங்குலம், 366 குதிரைசக்தி. அந்த மாடல் வருடத்தில் வெளிவந்தது மொத்தமே 6,833 வண்டி.

ஆகஸ்ட் மாதம் வுட்வர்ட் சாலையில் பழைய கார்கள் வரிசைகட்டி ஓடும் நாளில் ஒரு ஜட்ஜைக் கைக்கெட்டும் தூரத்தில் பார்த்தேன். நிறத்துக்குப் பெயர் கேரசல் ரெட். பெயரில்தான் சிவப்பு, பார்த்தால் அசல் கனகாம்பரம். முன் பம்பரில் குரோமே இல்லை, வண்டியின் நிறத்திலேயே வழுவழுவென்று இருந்தது. அன்றைக்கு முடிவு செய்தேன், இந்தக் குளிர்காலத்துக்கு இதுதான் என்று. நாங்கள் கும்பிடப் போகும் பராசக்தி கோயில் இருப்பதும் பான்டியாக் என்ற ஊரில்தான். அந்த ஊர்ப் பெயர்ப் பலகையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கார்தான் ஞாபகம் வந்துகொண்டிருந்தது. அம்மன் மன்னிப்பாளாக.

புதுசாகக் கடையில் விற்கும் கிட்டை வாங்கியிருக்கலாமே என்று கேட்பீர்கள். அங்கேதான் இந்தப் பொழுதுபோக்கின் பைத்தியம் இருக்கிறது. அந்தக் காலத்தில் கார் கம்பெனிகள் வருடாவருடம் காரின் முகத்தையும் பின்புறத்தையும் மாற்றும். கிட் கம்பெனியும் புது அச்சு செய்யாமல், போன வருட அச்சையே செதுக்கி, அடைத்து, இந்த வருடக் காருக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளும். அச்சு மாறிவிட்டால் போன வருடக் கார் போனதுதான். அதனால் அந்தந்த வருடத்திலேயே வெளிவந்த கிட்டுக்கு இன்றைக்கும் தனி மவுசு. அதுவும் பிளாஸ்டிக் உறை பிரிக்காத பெட்டி என்றால் விலை எங்கேயோ போகும்.

அப்படி ஒரு பெட்டி அக்டோபரில் கண்ணில் பட்டது. விற்றவர் ஒஹாயோ மாநிலம் என்று போட்டிருந்தார். ஆறு படம். கட்டம் போட்ட பழுப்பு மேஜை விரிப்பின் மேல் பெட்டி, உறை பளபளவென்று. ‘மாமா சேர்த்து வைத்திருந்தது, ஐம்பது வருடமாக யாரும் தொடவில்லை’ என்று ஒரு வரி. 250 கேட்டார். பணம் அனுப்பும் செயலியில் ‘நண்பர், உறவினருக்கு’ என்ற வழியில் அனுப்பினால் கட்டணம் கிடையாது, பத்து டாலர் குறைத்துக்கொள்கிறேன் என்றார். நான் பத்து டாலருக்கு ஆசைப்பட்டேன். என்னுடைய முதல் முட்டாள்தனம் அது. அந்த வழியில் அனுப்பினால் அது வியாபாரமே இல்லை. மச்சானுக்குக் கைமாற்று கொடுத்த மாதிரிதான். பொருள் வராவிட்டாலும், தப்பான பொருள் வந்தாலும், செயலி கைவிரித்துவிடும். பொருள் வாங்குவதற்கென்று இருக்கும் வழியில் அனுப்பியிருந்தால் புகார் கொடுக்கவாவது இடம் இருந்திருக்கும்.

பெட்டி ஒரு வாரத்தில் வந்துவிட்டது. நன்றாகத்தான் கட்டி அனுப்பியிருந்தார். அப்புறம் அது மேஜையிலேயே இரண்டு மாதம் கிடந்தது.

“அதான் வந்துடுச்சே, இன்னும் என்னங்க பாத்துட்டே இருக்கீங்க?” என்று மனைவி கேட்டாள்.

“பிரிக்க மனசு வரலைம்மா.”

“பிரிக்காம எப்படிக் கட்டுவீங்க?”

நியாயமான கேள்வி. ஆனால் ஐம்பது வருடமாகப் பிரிக்காத ஒன்றை நாம் பிரிப்பதா என்று கை கூசும். பிரித்த நிமிடமே விலையும் பாதியாகிவிடும். இந்த ஏமாற்று வேலை நடப்பதே அந்தக் கூச்சத்தில்தான் என்று இப்போது புரிகிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டுமானால் உறையைக் கிழிக்க வேண்டும். கிழித்தால், ‘நான் கொடுத்தது பிரிக்காத பெட்டி, நீங்கள் பிரித்துவிட்டீர்கள்’ என்று விற்றவர் சொல்லலாம். கிழிக்காமல் அலமாரியில் வைத்திருந்தால் ஆயுசுக்கும் தெரியப் போவதில்லை. அதையே நாளைக்கு இன்னொருவருக்கு விற்றாலும் விற்பேன், எனக்கே தெரியாமல் நானும் ஏமாற்றியவனாகிவிடுவேன்.

கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஒரு வழியாகப் பிரித்தேன்.

முதலில் பார்த்தது டயர்களை. புதுசாக, கருகருவென்று இருந்தன. சந்தோஷப்பட்டேன். சந்தேகப்பட்டிருக்க வேண்டிய இடம் அது. பழைய கிட்களில் வினைல் டயரிலிருந்து மெல்ல மெல்லக் கசியும் பொருள், தொட்டுக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும். கண்ணாடிப் பாகத்தின் மேல் டயர் படுத்திருந்தால் அதன் பட்டன் வரிகள் அப்படியே சூடு போட்ட மாதிரி பதிந்திருக்கும். இங்கே ஒரு கீறல்கூட இல்லை. கண்ணாடியே பழையது இல்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது. மெல்லிய தாளைச் சூடாக்கி உறிஞ்சி அச்செடுத்த கண்ணாடி. விரலால் அழுத்தினால் மடங்கியது. குரோம் பூசிய பாகங்கள் கோத்திருக்கும் சட்டத்தில் நாலு சக்கரம் இருக்க வேண்டிய இடம் வெட்டி எடுக்கப்பட்டிருந்தது. பதிலுக்கு ஒரு சின்னப் பையில் வேறு ஏதோ காரின் சக்கரம் நாலு. செய்முறைத் தாளில் மடிப்பே இல்லை. வீட்டுப் பிரின்டரில் எடுத்தது. டெக்கால் (வண்டியின் மேல் ஒட்டும் எழுத்தும் கோடும் அச்சிட்ட தாள்) மட்டும் அசல், அதுவும் வடை வெந்த நிறத்தில் பழுத்துப் போயிருந்தது. (டெக்கால் பழுத்திருந்தால் தூக்கிப் போடாதீர்கள். ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, வெயில் படும் ஜன்னலில் கொஞ்ச நாள் ஒட்டி வையுங்கள், வெளுத்துவிடும். இந்த மொத்தக் கதையிலும் எனக்குக் கிடைத்த ஒரே நல்ல விஷயம் இது.)

சரி, பாடி நன்றாக இருக்கிறதே, மற்றதை வேறு இடத்தில் வாங்கிக்கொள்ளலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். சேஸிஸை, அதாவது காரின் அடிப்பாகத்தை, உள்ளே வைத்துப் பார்த்தேன். உட்காரவில்லை. முன்பக்கம் அழுத்தினால் பின்பக்கம் தூக்கியது, பின்பக்கம் அழுத்தினால் முன்பக்கம் தூக்கியது. ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல் பாடி குட்டையாக இருந்தது. ஐம்பது வருடத்தில் வளைந்திருக்கும் என்று நினைத்து வெந்நீரில் போடுவதற்குப் போனேன். நல்ல வேளையாக, அதற்கு முன் எங்கள் மாடல் கிளப்புக்கு எடுத்துப் போனேன்.

அங்கே ஒரு பெரியவர் இருக்கிறார். கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் அச்சுக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பாடியைக் கையில் வாங்கியதும் பார்க்கக்கூட இல்லை, இரண்டு முறை மேலும் கீழும் அசைத்து எடை பார்த்தார். நகத்தால் கூரையைத் தட்டினார். டொக் என்றது. மேஜையில் கிடந்த இன்னொரு பாடியைத் தட்டினார். டிக் என்றது. அப்புறம் கதவின் உள்பக்கம், யாருக்கும் தெரியாத இடத்தில், பிளாஸ்டிக் ஒட்டும் திரவத்தை ஒரு சொட்டு வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். கிட்களில் வழக்கமாக வரும் ஸ்டைரீன் பிளாஸ்டிக்காக இருந்தால் அந்த இடம் இளகிப் பிசுபிசுக்க வேண்டும். அந்தத் திரவத்தின் வேலையே அதுதான், இரண்டு பக்கத்தையும் உருக்கி ஒன்றாக்குவது. இங்கே சொட்டு அப்படியே நின்று, காய்ந்து, போய்விட்டது.

ரெசின். அசல் பாடியை ரப்பர் அச்சில் நகல் எடுத்து, ஊற்றினால் இறுகிவிடும் ரெசின் திரவத்தில் வார்த்தது. நகல் எடுக்கும்போது அளவு கொஞ்சம் சுருங்கும், அதனால்தான் சேஸிஸ் உட்காரவில்லை. சுவர் தடிமனாக இருக்கும், அதனால்தான் கனம். வீட்டுக்கு வந்து சமையலறைத் தராசில் வைத்தேன். என்னிடம் இருந்த அதே அளவு ஸ்டைரீன் பாடியைப் போல இரண்டு மடங்கு காட்டியது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் டிக்கி மூடியின் விளிம்பில் ஊசிமுனை ஊசிமுனையாகக் காற்றுக் குமிழி ஓட்டைகள். இது எதுவுமே என் கண்ணில் படவில்லை, நான் பார்க்க விரும்பியதைத்தான் பார்த்தேன்.

ரெசின் பாடி விற்பதில் தப்பே இல்லை. அதையே நேர்மையாக ‘ரெசின்’ என்று சொல்லி விற்கும் சிறு கலைஞர்கள் இருக்கிறார்கள், மணியான வேலை. இந்த ஆள் செய்தது வேறு. அசலை உருவி எடுத்துக்கொண்டு, நகலை உள்ளே வைத்து, மேலே புது உறை சுற்றி, வெப்பக் காற்றால் இறுக்கி, மாமாவின் பெயரைச் சொல்லி விற்றது.

உறை புதுசு என்று எப்படித் தெரியும்? இதை மட்டும் நன்றாகக் கவனியுங்கள். விளம்பரத்தின் மூன்றாவது படத்தில், பெட்டியின் வலது ஓரத்தில், பழைய கடை விலைச் சீட்டைப் பிய்த்த தடம் ஒன்று இருந்தது. அட்டையின் மேல்தாள் கிழிந்து, கட்டைவிரல் அளவுக்கு வெள்ளையாக. அதன் மேலே உறை, ஒரு சுருக்கம்கூட இல்லாமல். கடைக்காரன் விலைச் சீட்டை ஒட்டுவது உறையின் மேல்தானே? உறைக்கு அடியில் இருக்கும் அட்டை எப்படிக் கிழியும்? அந்தப் படத்தை நான் வாங்குவதற்கு முன் பத்து தடவையாவது பார்த்திருப்பேன். ‘பழைய பெட்டி, அப்படித்தான் இருக்கும்’ என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

விற்றவருக்கு எழுதினேன். முதல் பதில் மரியாதையாக வந்தது: “நான் திறந்து பார்க்கவில்லை, இருந்தபடியே விற்றேன்.” பாதிப் பணமாவது கொடுங்கள் என்று கேட்டேன். இரண்டாவது பதில், நீங்களே பாகங்களை மாற்றிவிட்டுக் கேட்கிறீர்களோ என்னவோ என்று. அதற்கு மேல் பதில் இல்லை, கணக்கும் இல்லை. செயலிக்காரர்கள் நான் எதிர்பார்த்ததையே சொன்னார்கள். தபாலில் வந்த பொருள் என்பதால் தபால் துறையின் புலனாய்வுப் பிரிவில் இணையம் வழியாகப் புகார் பதிவு செய்தேன். தபால் வழி மோசடிக்கு அங்கே புகார் செய்யலாம் என்பதே பலருக்குத் தெரியாது. 240 டாலருக்காக யாரும் ஜீப் எடுத்துக்கொண்டு ஒஹாயோ போகமாட்டார்கள் என்று எனக்கும் தெரியும். இருந்தாலும், இதே ஆளைப் பற்றி இன்னும் நாலு பேர் எழுதினால் கணக்கு மாறும்.

பாடியை வீணாக்கவில்லை. சோப்புத் தண்ணீரில் கழுவி, ஓட்டைகளை சூப்பர் குளூ விட்டு அடைத்துத் தேய்த்து, சேஸிஸின் முன் ஓரத்தை அரத்தால் ராவி உட்கார வைத்தேன். கேரசல் ரெட் மூன்று பூச்சு. எஞ்சினுக்கு பான்டியாக்கின் அந்த வெளிர்நீல மெட்டாலிக். டிஸ்ட்ரிபியூட்டரில் எட்டு ஓட்டை போட்டு மெல்லிய கம்பியில் ஸ்பார்க் பிளக் வயர் இழுக்கவே மூன்று ராத்திரி ஆனது. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. தட்டினால் டொக் என்கிறது.

இதெல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் மனைவி கேட்டாள், “பாவம், அந்த ஆளும் வேற யார்கிட்டயோ ஏமாந்திருக்கலாம்ல?”

எனக்கும் அந்த எண்ணம் இருந்தது. அவர் சொன்ன முதல் பதில் உண்மையாகவே இருக்கலாம். யாரோ சுற்றிய உறையை அவரும் நம்பியிருக்கலாம். கொஞ்ச நாள் அந்த நினைப்பில் கோபம்கூடத் தணிந்திருந்தது.

போன வாரம் வேறு பெயரில் ஒரு விளம்பரம் வந்தது. 1970 செவர்லே செவெல் கார் கிட், உறை பிரிக்காதது, 260 டாலர். இந்த முறை மாமா இல்லை, தாத்தா. நண்பர் வழியில் அனுப்பினால் பத்து டாலர் குறைவாம். பெட்டியைப் பார்ப்பதற்கு முன்னால் என் கண் அடியில் இருந்த விரிப்புக்குப் போய்விட்டது. பழுப்பு நிறம், கட்டம் போட்டது, இடது மூலையில் இஸ்திரிப் பெட்டி சுட்ட முக்கோணத் தழும்பு. என் ஆறு படத்தையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டாவது படத்தில், அதே மூலையில், அதே தழும்பு.