கோண்டாவிலில் ஒரு சோலர் திருத்தவேலை: வாடிக்கையாளர் மதிப்பீடு

யாழ்ப்பாணம் கோண்டாவிலிலுள்ள எங்கள் வீட்டுக் கூரையில் 2019 ஆம் ஆண்டு முதல் 330 வாற்று சோலர் பனல்கள் பதினாறு, எட்டு எட்டாக இரண்டு தொடர்களில் இருக்கின்றன. கடந்த கார்த்திகை மழைக்குப் பின்னர் காலை வேளைகளில், பனல் மின்னை வீட்டு மின்னாக மாற்றும் இன்வேர்ட்டர் 'காவலித் தடை குறைவு' (வயரின் மேலுறையைத் தாண்டி மின் கசிகிறது) என்று பிழை காட்டி நின்றுவிடும். பத்து மணியளவில் ஈரம் காய்ந்ததும் ஒன்றும் நடவாததுபோலத் தானாகவே இயங்கத் தொடங்கும். இதை முதலில் பொருத்தித் தந்த நிறுவனத்தார் வந்து, இன்வேர்ட்டரை ஒருமுறை அணைத்துப் போட்டுவிட்டு, மீண்டும் பிழை வந்தால் புதிய இன்வேர்ட்டர்தான் வாங்கவேண்டும் என்று சொல்லிச் சென்றார்கள். அதன் பிறகு உறவினர் ஒருவரின் பரிந்துரையில் நான் அழைத்த வேறொரு பராமரிப்புச் சேவையைப் பற்றியதே இந்த மதிப்பீடு. குறைகளையும் எழுதப்போவதால் இரு தரப்பினரின் பெயரையும் தவிர்த்துள்ளேன்.

வந்தவர்கள் இருவர். மூத்தவர் ஏணியை எடுக்கும் முன்னரே என்னை இன்வேர்ட்டருக்கு அருகில் அழைத்து, தான் செய்யப்போவதைச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. "ஐயா, பிரேக்கரை விழுத்தினால் வீட்டுப் பக்கந்தான் செத்துப்போகும். மேலே வெயில் இருக்குமட்டும் கரண்ட் இருக்கும்" என்றார். எங்கள் பனல் ஒன்று திறந்த சுற்றில் (எதனோடும் இணைக்காதபோது) ஏறத்தாழ 46 வோல்ற்று தரும். எட்டுப் பனல்கள் தொடராக இணையும்போது அது 368 வோல்ற்று ஆகிறது. வீட்டுச் சுவரிலுள்ள 230 வோல்ற்றைக் கண்டு அஞ்சுகிற நாம், தலைக்கு மேலே அதைவிடக் கூடிய அழுத்தத்தில் நேரோட்டம் (ஒரே திசையில் ஓடும் DC மின்) இருப்பதை நினைப்பதில்லை. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறைக் காலத்தில் கூரைச் சோலரைப் பகலில் நிறுத்தி வைக்குமாறு மின்சார சபை கேட்டபோது, எங்கள் ஒழுங்கையில் பலரும் பிரேக்கரை விழுத்திவிட்டு, கூரையும் அணைந்துவிட்டது என்றே எண்ணியிருந்தார்கள். நானும் அவர்களில் ஒருவன்.

அவர்கள் வேலை செய்த ஒழுங்கைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். முதலில் ஆடலோட்டப் (வீட்டு மின், AC) பக்கத்துப் பிரேக்கரை நிறுத்தி, இன்வேர்ட்டர் பளுவை விட்டதன் பின்னரே நேரோட்ட ஐசோலேற்றரை (பனல் வயரை இன்வேர்ட்டரிலிருந்து துண்டிக்கும் சுவிச்) திருப்பி, அதற்குச் சிறு பூட்டும் போட்டார்கள். இன்வேர்ட்டரின் உள்ளேயுள்ள கொள்ளளவிகள் சேமித்து வைத்த மின் இறங்குவதற்காக ஐந்து நிமிடம் காத்திருந்தார்கள். அதன் பின்னரும் வயரைக் கழற்றவில்லை. ஒவ்வொரு தொடரின் வயரையும் நேரோட்டம் அளக்கும் கிளாம்ப் மீற்றரால் கவ்வி, ஓட்டம் பூச்சியம் என்று கண்ட பின்னரே இணைப்பானைத் திறந்தார்கள். ஐசோலேற்றர் துண்டித்திருக்க இது எதற்கு என்று கேட்டேன். வயர் இரண்டு இடங்களில் பனலின் உலோகச் சட்டத்தோடு தொட்டிருந்தால் ஐசோலேற்றரைத் தொடாமலே ஓட்டம் சுற்றிவரும் என்றும், அந்த நிலையில் இணைப்பானை இழுத்தால் கையிலேயே தீப்பொறி எழும் என்றும் மூத்தவர் விளக்கினார். ஆடலோட்டம் செக்கனுக்கு நூறு முறை பூச்சியத்தைக் கடப்பதால் அதில் எழும் பொறி பெரும்பாலும் தானே அணைந்துவிடும். நேரோட்டத்துக்கு அந்த ஓய்வு இல்லை; எழுந்த பொறி இழுக்க இழுக்க நீண்டு எரியும். உருகியும் (பியூஸ்) நம்மைக் காப்பாற்றாது. எங்கள் பனல் வேலை செய்யும்போது தருவது ஏறக்குறைய 9 அம்பியர், குறுஞ்சுற்றில் (ஷோர்ட் ஆகும்போது) தருவதும் அதைவிடச் சற்றே கூடுதல் என்பதால், உருகி உருகுவதற்குக் காரணமே கிடைப்பதில்லை.

மேலே ஏறியவர் சட்டத்தைத் தொடும் முன்னர் அதற்கும் புவித்தொடுப்புக்கும் (ஏர்த்) இடையே அழுத்தம் இருக்கிறதா என்று அளந்தார். அளப்பதற்கு முன்னும் பின்னும் மீற்றரை, அழுத்தம் உள்ளதென்று தெரிந்த இடத்தில் வைத்துச் சரிபார்த்தார். பழுதான மீற்றரும் பூச்சியம்தான் காட்டும் என்பதை ஆறு வருடங்களில் எனக்கு ஒருவரும் சொல்லியிருக்கவில்லை. இரண்டாவது தொடரின் காவலித் தடை 500 வோல்ற்றுச் சோதனையில் 0.08 மெகா ஓம் என்று வந்தது. இந்த அளவு அழுத்தமுள்ள தொகுதிக்குக் குறைந்தது 1 மெகா ஓம் இருக்கவேண்டும். ஆறாவது பனலுக்குக் கீழே அணில் கடித்த வயர் அலுமினியச் சட்டத்தின்மீது கிடந்தது. அதற்கு அப்பால் இரண்டு வேறு கம்பனிகளின் இணைப்பான்களை ஒன்றோடொன்று செருகியிருந்த இடத்தில், பிளாஸ்ரிக் இளகிக் கறுத்திருந்தது. புதிய இன்வேர்ட்டர் வாங்கியிருந்தால் அதுவும் மறுநாட் காலை இதே பிழையைத்தான் காட்டியிருக்கும்.

குறைகளுக்கு வருகிறேன். கூரையில் நின்றவர் இடுப்புப் பட்டி கட்டியிருந்தார். சாமான் எடுத்துக் கொடுக்க ஏறிய இளையவர் பட்டியும் இல்லாமல், வெறுங்காலோடு, பனி காயாத ஓட்டில் நின்றார். நான் சொன்ன பிறகுதான் இறங்கினார். கொண்டுவந்த ஏணி அலுமினியம். தூணிலிருந்து வீட்டுக்கு வரும் வயருக்கு ஓரடி தள்ளி அதைச் சாத்தியிருந்தார்கள். கீழே அவ்வளவு நிதானமாக அளந்தவர்கள் இதைக் கவனிக்காமல் விட்டதை என்னால் விளங்கிக்கொள்ள முடியவில்லை. வேலை முடிந்து தந்த அறிக்கையிலும் 'சரி' என்ற ஒரு சொல் மட்டுமே இருந்தது. அளவுகளை எழுதித் தரும்படி வற்புறுத்திய பின்னரே, திருத்தத்துக்குப் பின் காவலித் தடை 50 மெகா ஓமுக்கு மேல் என்பதையும் குறித்துக் கையொப்பமிட்டார்கள்.

மின்னல் எழுச்சியைத் தாங்கும் கருவியின் சாளரம் சிவப்பாகிவிட்டதை (அது செயலிழந்ததற்கு அடையாளம்) அவர்களே கண்டு சொன்னார்கள். ஆனால் கையிருப்பில் இல்லை என்று மூன்று கிழமை கழித்துத்தான் மாற்றித் தந்தார்கள். இடி முழக்கம் அதிகமான ஐப்பசி, கார்த்திகையாக இருந்திருந்தால் நான் இவ்வளவு பொறுமையாக இருந்திருக்க மாட்டேன். புவித்தொடுப்புக் கோலைப் பற்றியும் ஒரு கருத்துச் சொன்னார்கள்: எங்கள் பக்கத்தில் செம்மண்ணுக்குக் கீழே சிறிது ஆழத்திலேயே சுண்ணக்கல் வந்துவிடுவதால், முன்னையவர்கள் கோலை அரைவாசிக்கு அடித்துவிட்டு மிச்சத்தை வெட்டியிருக்கிறார்கள். கிணற்றடிப் பக்கமாக இரண்டாவது கோல் ஒன்றை அடித்து இணைக்கவேண்டும் என்றார்கள். அந்த வேலை இன்னும் நடக்கவில்லை.

கூலியும் வயரும் இணைப்பான்களும் சேர்த்து 14,500 ரூபாய் ஆயிற்று. எழுச்சிக் கருவி தனிக் கணக்கு. பனல் கழுவுவதற்கு மட்டும் ஆள் தேடுபவர்களுக்கு இது அதிகமாகத் தோன்றலாம். பிழை காட்டுகிற தொகுதி வைத்திருப்பவர்களுக்கு அதிகமல்ல. இரண்டாவது கோல் அடிக்க இவர்களையே மீண்டும் அழைத்திருக்கிறேன். இரண்டு பட்டிகள் கொண்டுவரவேண்டும், ஏணிக்கு எங்கள் வீட்டு மூங்கில் ஏணியைப் பாவிக்கவேண்டும் என்று தொலைபேசியில் முன்கூட்டியே சொல்லி, சம்மதமும் வாங்கிவிட்டேன்.