மூச்சு வாங்கும் அம்மாவுக்கு நடையா, சைக்கிளா?

அம்மாவுக்கு 67 வயது. பீடி, சிகரெட் வாடையே ஆகாது. ஆனால் முப்பது வருடத்துக்கு மேல் விறகடுப்பில்தான் சமையல். சிஓபிடி (மூச்சுக்குழாய் நாள்பட்டுச் சுருங்கிப்போகும் நுரையீரல் நோய்) என்று டாக்டர் சொன்னபோது, "பீடி குடிக்கிறவங்களுக்கு வர்ற நோய் எனக்கு எப்படி?" என்று அவருக்குக் கோபமே வந்துவிட்டது.

இன்ஹேலரோடு உடற்பயிற்சியும் வேண்டும் என்றார்கள். மூச்சு வாங்குமே என்று பயந்து உட்கார்ந்தே இருந்தால் கால் தசை இளைத்து, நாலு படி ஏறக்கூட மூச்சிரைக்கும். அது புரிந்தது. எதைச் செய்வது என்பதில்தான் வீட்டில் தகராறு. அண்ணன் நடைப் பக்கம், நான் எக்சர்சைஸ் சைக்கிள் பக்கம்.

நடைக்குக் காசு வேண்டாம், நாலு பேரைப் பார்க்கலாம். இரண்டு மாதம் நடக்கவும் செய்தோம். மார்கழி விடியலில் பனியோடு புகையும் தரையிலேயே படுத்துக் கிடக்கும்; போகியன்று ஜன்னலையே திறக்க முடியாது. சரி, வெயில் ஏறியபின் போய் அதைச் சமாளித்திருக்கலாம்.

சமாளிக்க முடியாதது திரும்பி வருவது. ஒரு நாள் தெருமுனைப் பிள்ளையார் கோயில் வரை நன்றாகத்தான் போனார். திரும்பும்போது பாதி வழியில் மூச்சு பிடித்துக்கொண்டது. உட்கார ஒரு திண்ணை இல்லை. யாரோ நிறுத்தியிருந்த ஸ்கூட்டரின் சீட்டில் இரண்டு கையையும் ஊன்றிக் குனிந்தபடி பத்து நிமிடம் நின்றார். போகிறவர்கள் எல்லாம் "தண்ணி வேணுமா பாட்டி?" என்று கேட்க, அந்தக் கூச்சத்திலேயே இன்னும் மூச்சு வாங்கியது. கோயிலிலேயே களைப்பு தெரிந்திருந்தாலும், வந்த தூரம் அவ்வளவும் பாக்கி இருந்திருக்குமே.

சைக்கிளில் அந்தப் பாக்கி இல்லை. மூச்சு வாங்கினால் காலை நிறுத்தினால் போதும், வீட்டுக்குள்தான் இருக்கிறார். ஹேண்டில்பாரில் கையை ஊன்றி முன்னால் சாய்ந்தால் தோள், கழுத்துத் தசைகளும் மூச்சிழுக்கக் கைகொடுக்கும். அன்று ஸ்கூட்டரில் அவர் தானாகவே செய்தது இதைத்தான். இந்த நோய்க்காரர்களுக்கு நடக்கும்போது ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்குகிற அளவுக்குச் சைக்கிளில் பெரும்பாலும் இறங்காது என்றார் பிசியோ (பிசியோதெரபிஸ்ட்). அந்த ஆக்சிஜனை விரலில் மாட்டி அளக்கிற எங்கள் ஆக்சிமீட்டரிலும் அப்படித்தான்: நடந்து வந்தால் 89 சதவீதம், சைக்கிளில் 92, 93. விரல் ஆடினால் எண் தாறுமாறாக வரும், அசையாமல் வைத்துப் பார்க்க வேண்டும். 88க்குக் கீழே போனால் நிறுத்தச் சொல்லியிருக்கிறார் டாக்டர். அது அம்மாவுக்குச் சொன்னது. வீட்டில் ஆக்சிஜன் வைத்திருப்பவர்கள் தங்கள் டாக்டரைக் கேட்டுத்தான் ஏற வேண்டும்.

இன்ஹேலர் எடுத்து 15 நிமிடம் கழித்து ஏறுவார். ஒரு நிமிடம் மிதி, ஒரு நிமிடம் ஓய்வு. ஐந்து முறையில் ஆரம்பித்து இப்போது பத்து. மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்து, விளக்கு அணையாமல் சுடர் மட்டும் ஆடுகிற மாதிரி மெதுவாக விடுவார். மூச்சிரைப்புக்கு 0 முதல் 10 வரை மார்க் போட்டு 3, 4-ல் வைத்துக்கொள்ளச் சொன்னார் பிசியோ. அம்மாவுக்கு அந்த மார்க் பிடிபடவில்லை. எதிர்வீட்டுச் சண்டையை ஒரு வாக்கியமாவது முழுதாகச் சொல்ல முடிகிறதா என்று பார்ப்பேன். சொல் பாதியில் அறுந்தால் மிதியும் நிற்கும். நெஞ்சு வலியோ தலைசுற்றலோ வந்தால் உடனே இறங்கி ஆஸ்பத்திரிதான்.

டிரெட்மில்லைக் கடையில் பார்த்ததோடு சரி. ஆள் நின்றாலும் பெல்ட் நிற்காது என்பதே எங்களுக்குப் போதுமாக இருந்தது.

சைக்கிளிலும் தொல்லை உண்டு. சேலை பெடலில் மாட்டும். என் பழைய சுடிதாருக்கு அம்மாவை மாற்றவே ஒரு வாரம் கெஞ்சினேன். சீட் உறுத்துகிறது என்று துண்டை மடித்துப் போட்டிருக்கிறார். முதுகுக்குச் சாய்மானம் உள்ள வகை இன்னும் சௌகரியமாக இருக்கலாம், நாங்கள் ஓட்டிப் பார்த்ததில்லை. அப்புறம், சைக்கிள் மிதித்தால் நடை தானாக வந்துவிடாது. கடைக்கும் கோயிலுக்கும் கால்தான் போக வேண்டும். அதனால் வாரம் இரண்டு நாள் எங்கள் ஃபிளாட்டின் வராந்தாவில் இரண்டு கோடியிலும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, இங்கிருந்து அங்கே நடக்கிறார். அண்ணன் அதைத் தன் வெற்றி என்று சொல்லிக்கொள்கிறான். நாற்காலி போட்டது நான்.