பித்தநாளக் கல்லை எடுத்தபின் துகள் தங்காமலிருக்க: படமா, கழுவலா, உள்ளே போய்ப் பார்ப்பதா?

"கல்லுதான் எடுத்தாச்சுல்ல, இது வாடைக்காத்துக் குளிருடா" என்று சொல்லிப் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார் சித்தப்பா. மதுரையில் ஈ.ஆர்.சி.பி. (வாய் வழியாகக் குழாய் விட்டுப் பித்தநாளக் கல்லை எடுக்கும் முறை) செய்துகொண்டு பாம்பனுக்குத் திரும்பி மூன்று வாரம்கூட ஆகவில்லை. மறுநாள் கண்ணெல்லாம் மஞ்சள். திரும்ப மதுரைக்கே ஓடினோம். உடைத்த கல்லின் துகள்கள் பித்தநாளத்திலேயே, அதாவது பித்தத்தைக் குடலுக்குக் கொண்டுபோகும் குழாயிலேயே, தங்கியிருந்தன. முதல் தடவையே நாங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அப்போதுதான் புரிந்தது: கல்லை எடுத்த பிறகு குழாய் சுத்தமாகிவிட்டது என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?

ஈ.ஆர்.சி.பி.யில் வாய் வழியாக எண்டோஸ்கோப்பை (கேமரா வைத்த வளையும் குழாய்) விட்டு, பித்தநாளம் சிறுகுடலில் திறக்கும் வாயைக் கீறி அகலப்படுத்தி, கல்லைக் கம்பிக் கூடையாலோ பலூனாலோ இழுத்துக் குடலில் போடுகிறார்கள், பெரிய கல்லானால் முதலில் உடைப்பார்கள். இந்தக் கீறல் முறை 1974 முதல் இருக்கிறது. கூடை பெரிய கல்லைப் பிடிக்கும், பொடிக்கல் அதன் கம்பி இடுக்கில் நழுவிவிடும். பலூன் பொடியைக் கூட்டி வரும், ஆனால் நாளம் நன்றாக வீங்கியிருந்தால் பலூனுக்கும் சுவருக்கும் நடுவே துகள் தப்பிவிடும். அதனால் பல இடங்களில் இரண்டையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறார்கள். இதுவரை பெரிய சண்டை இல்லை, கடைசியாகச் சரிபார்ப்பது எப்படி என்பதில்தான் வித்தியாசம்.

எல்லா இடத்திலும் செய்வது பலூன் படம். பலூனை ஊதி நாளத்தை அடைத்து, சாயம் ஏற்றி, எக்ஸ்ரேயில் பார்ப்பார்கள். தனிச் செலவு என்று அதிகம் இல்லை. ஆனால் சாயம் அடர்த்தியாக இருந்தால் பொடிக்கல் அதற்குள் மறைந்துவிடும், காற்றுக் குமிழியோ கல் போலத் தெரியும். நாளத்தின் அடிமுனையில் பலூனே உட்கார்ந்துகொள்வதால் அந்த இடம் சரியாகத் தெரியாமல் போகலாம். கல்லை உடைத்து எடுத்தவர்களுக்கு இந்தப் படத்தை மட்டும் நம்புவது போதாது என்பது என் முடிவு.

அடுத்தது உப்புநீர்க் கழுவல். மெல்லிய குழாய் வழியாக நாளத்துக்குள் சலைன் ஏற்றி, துகள்களைக் கீறிய வாய் வழியாகக் குடலுக்குத் தள்ளிவிடுவது. புதுக் கருவி வேண்டாம், சில நிமிட வேலை, மீதித் துகள் குறைகிறது என்று ஆய்வுகளிலும் தெரிந்திருக்கிறது. சீழ் பிடித்த நாளத்தில் அழுத்தி ஏற்றினால் கிருமி இரத்தத்துக்குப் போகும் ஆபத்து உண்டு, அதனால் மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும். என் கையில் முடிவு இருந்தால், கல்லை உடைத்த எல்லாருக்கும் இதைச் செய்யச் சொல்வேன்.

நாளத்துக்குள்ளேயே விடும் மெல்லிய அல்ட்ராசவுண்ட் கம்பி ஒன்று இருக்கிறது, சுமார் 2 மில்லிமீட்டர் தடிமன். எக்ஸ்ரே தவறவிடும் பொடிக்கல்லையும் சேறு போலக் கெட்டியான பித்தத்தையும் அது காட்டிவிடும். குறை ஒன்றுதான், எல்லா ஊரிலும் கிடைக்காது. கேமராவையே நாளத்துக்குள் விடும் கொலாஞ்சியோஸ்கோப்பி இன்னும் ஒரு படி மேல்: நேரில் பார்க்கலாம், பெரிய கல்லை லேசரால் உடைக்கவும் செய்யலாம். ஆனால் விலை மிக அதிகம், நேரமும் கூடும், பித்தநாளத் தொற்று வரும் வாய்ப்பும் உண்டு. சாதாரணமாக இரண்டு சின்னக் கல் வந்தவருக்கு இது தேவையில்லை, உடையாமல் அடம்பிடிக்கும் கல்லுக்கு மட்டும் கேளுங்கள். காப்பீட்டு அட்டையில் எது அடங்கும் என்பதை அட்மிஷனுக்கு முன்பே மருத்துவமனையின் காப்பீட்டு உதவி மேசையில் கேட்டுவிடுங்கள்.

முழுதும் எடுக்க முடியாதபோது பிளாஸ்டிக் ஸ்டென்ட் (நாளத்துக்குள் வைக்கும் சின்னக் குழாய்) வைத்து அனுப்புவார்கள். பித்தம் வடிய அது நல்ல வழிதான், ஆனால் துகளை அகற்றும் வேலைக்கு ஈடாகாது. 3 முதல் 6 மாதத்துக்குள் எடுக்கவோ மாற்றவோ வேண்டும், மறந்துவிட்டால் அதுவே அடைத்து, அதைச் சுற்றியே புதுக் கல் வளரும். கடலுக்குப் போகிறவர்கள் "தொழில் ஓயட்டும்" என்று தள்ளிப்போடுவதைப் பார்க்கிறேன். பிப்ரவரியில் வைத்தால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான மீன்பிடித் தடைக்காலத்தில் எடுக்கத் தேதி வாங்கிவிடலாம். ஆகஸ்டில் வைத்தால் தடைக்காலம் வரை காத்திருக்கவே கூடாது.

மாத்திரையும் வாழைத்தண்டும் பற்றிக் கேட்கிறார்கள். வாழைத்தண்டுப் பேச்சு சிறுநீரகக் கல்லுக்கானது, இங்கே பொருந்தாது. கரைக்கும் மாத்திரையும் கொலஸ்ட்ரால் கல்லில்தான் ஓரளவு வேலை செய்யும், பித்தத்தின் நிறமி திரண்டு உண்டாகும் நிறமிக் கல்லில் எடுபடாது.

அப்புறம் பித்தப்பை. அதற்குள் கல் இருந்தால் எவ்வளவு கழுவினாலும் மேலிருந்து புதுக் கல் இறங்கும். உடம்பு தாங்குமென்றால் 2 வாரத்துக்குள் பித்தப்பையை எடுத்துவிடச் சொல்கிறார்கள். சித்தப்பா அதையும் தள்ளிப்போட்டவர்தான், இரண்டாம் முறை கழுவலோடு சேர்த்து அதையும் முடித்துக்கொண்டார்.

டிஸ்சார்ஜ் சீட்டில் மூன்று விஷயம் எழுதி வாங்குங்கள்: கல்லை உடைத்தார்களா, கடைசியாக எப்படிச் சரிபார்த்தார்கள், ஸ்டென்ட் இருந்தால் எடுக்கும் தேதி. வீட்டுக்கு வந்தபின் நடுக்கத்தோடு காய்ச்சல், வலது மேல்வயிற்றில் வலி, மஞ்சள், இதில் எது வந்தாலும் விடியட்டும் என்று இருக்காதீர்கள். பாம்பனிலிருந்து மதுரை 150 கிலோமீட்டருக்கு மேல், அதனால் முதலில் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய் ஊசியும் டிரிப்பும் ஆரம்பித்துவிட்டு, அங்கிருந்து ஆம்புலன்ஸில் கிளம்புங்கள்.