பாட்டியும் பேரப்பிள்ளைகளும் சேர்ந்து பார்க்கும் அறிவியல் புனைவுப் படங்கள்

கடந்த ஜூன் பள்ளி விடுமுறையில், சிங்கப்பூரின் ஈசூனில் உள்ள எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் வரவேற்பறையில், வாரத்திற்கு இரண்டு மாலைகள் வீதம் அறிவியல் புனைவுப் படங்களைப் பார்த்தோம். பார்த்தவர்கள் ஐவர்: 74 வயதான என் அம்மா, நான், என் மனைவி, உயர்நிலை ஒன்றில் படிக்கும் மகன், தொடக்கநிலை இரண்டில் படிக்கும் மகள். அம்மாவுக்குக் கடைத்தெருவில் சமாளிக்கும் அளவுக்கே ஆங்கிலம் தெரியும். பிள்ளைகளுக்குத் தமிழ் புரியும் என்றாலும் தங்களுக்குள் அவர்கள் பேசிக்கொள்வது ஆங்கிலத்தில்தான். சிங்கப்பூரில் எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் இப்படித்தான் இருக்கின்றன என்பதால், ஒரு படத்தைக் 'குடும்பப் படம்' என்று சொல்வதற்கு நான் வைத்துக்கொண்ட அளவுகோலும் அதை ஒட்டியதே. அறையில் இருக்கும் எவரும் மற்றவருக்காகப் பொறுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கூடாது; பாட்டியின் காதருகே ஒருவர் ஓயாமல் மொழிபெயர்த்துக்கொண்டிருக்க வேண்டிய தேவையும் இருக்கக் கூடாது.

இந்த அளவுகோலில் முதலிடம், பிக்சார் நிறுவனத்திற்காக ஆண்ட்ரூ ஸ்டேன்டன் இயக்கி 2008இல் வெளிவந்த 'வால்-ஈ' படத்திற்கே. குப்பைமேடாகிப்போன பூமியை மனிதர்கள் கைவிட்டுச் சென்று 700 ஆண்டுகள் ஆன பின்பும், குப்பையைக் கட்டிகளாக அழுத்தி அடுக்கிக்கொண்டே இருக்கும் ஒரு சிறிய இயந்திரத்தின் கதை அது. முதல் அரை மணி நேரத்தில் வசனம் என்று சொல்லத்தக்கது ஏறக்குறைய எதுவுமே இல்லாததால், அம்மா யாருடைய துணையும் இன்றி எங்களுக்கு இணையாக, சில இடங்களில் எங்களுக்கு முன்பாகவே, கதையைப் பிடித்துக்கொண்டார். பொறுக்கி வந்த பொருள்களை வால்-ஈ தன் இருப்பிடத்தில் வகை பிரித்து வைக்கும்போது, கரண்டியும் முள்கரண்டியும் ஒன்றாகச் சேர்ந்த ஒரு பிளாஸ்டிக் துண்டு அதன் கைக்கு வருகிறது. கரண்டிகளோடு வைப்பதா, முள்கரண்டிகளோடு வைப்பதா என்று தயங்கி, கடைசியில் இரண்டுக்கும் நடுவில் அதை வைக்கிறது. இன்னோர் இடத்தில், வைர மோதிரத்தை வீசிவிட்டு, அது இருந்த பெட்டியைத் திறந்து மூடிப் பார்த்து மகிழ்ந்து, அதை மட்டும் வைத்துக்கொள்கிறது. "டப்பாவைத் தூக்கிப் போட மனசு வரல பாரு, நம்ம கூட்டம்தான்" என்று அம்மா வாய்விட்டுச் சிரித்தார். காலியான பிஸ்கட் டின் ஒன்றைக்கூட எறியாமல் ஊசியும் நூலும் பொத்தானும் போட்டு வைப்பவர் அவர்.

அறிவியலுக்கும் அந்தப் படத்தில் நல்ல இடமிருக்கிறது. விண்வெளியில் மிதக்கும் வால்-ஈ, தீயணைப்புக் கருவியை ஒரு பக்கம் பீய்ச்சி எதிர்ப்பக்கம் நகரும் காட்சியில் படத்தை நிறுத்தி, மகனுக்கு நியூட்டனின் மூன்றாம் விதியை விளக்கினேன். பாடநூலில் நான் படித்தபோது எனக்கே அது இவ்வளவு எளிதாகப் புரியவில்லை. விண்கலத்திற்குள் நடக்கும் பின்பாதித் துரத்தல்கள் முன்பாதியின் உயரத்தை எட்டவில்லை என்பது என் கருத்து. மகளும் அப்போதுதான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனாள்.

அடுத்ததாக, ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் 'ஈ.டி.' (1982). பூமியில் தவறிப்போய் விடப்பட்ட வேற்றுக்கிரகவாசியைச் சிறுவன் ஒருவன் தன் அறையில் ஒளித்து வைத்துக் காப்பாற்றும் இக்கதையை, நாற்பதாண்டுகளுக்கு மேல் ஆன பின்பும் பழைய படம் என்று பிள்ளைகள் ஒதுக்கவில்லை. அதற்குக் காரணம், கேமரா பெரும்பாலும் ஒரு சிறுவனின் கண் உயரத்திலேயே இருப்பது என்று நினைக்கிறேன். தாயைத் தவிர மற்றப் பெரியவர்களின் முகங்களைப் படத்தின் பெரும்பகுதியில் நாம் பார்ப்பதே இல்லை. இடுப்பில் தொங்கும் சாவிக்கொத்தின் ஓசையைக் கொண்டுதான் ஒருவரை அடையாளம் காண்கிறோம். குழந்தை நடிகர்களின் உணர்ச்சி இயல்பாக அமைய வேண்டும் என்பதற்காக, காட்சிகளைப் பெரும்பாலும் கதை நகரும் வரிசையிலேயே படமாக்கினார்கள். பிரியும் காட்சியில் அந்தப் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தால் அதன் பலன் தெரியும். வாடிய பூந்தொட்டி மீண்டும் தழைப்பது எதைக் குறிக்கிறது என்பதை முதலில் கண்டுகொண்டவர் அம்மாதான். வீட்டு வாசலில் செம்பருத்தியும் கற்பூரவள்ளியும் வளர்ப்பவருக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஒரு முன்னெச்சரிக்கை சொல்ல வேண்டும். ஈ.டி. வெளிறிப்போய் ஓடையருகே கிடப்பதும், பாதுகாப்பு உடை அணிந்தவர்கள் வீட்டைச் சூழ்ந்துகொள்வதும் ஏழெட்டு வயதுப் பிள்ளைகளைக் கலங்கடிக்கும். என் மகள் பாட்டியின் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "செத்துப்போச்சா பாட்டி?" என்று மூன்று முறை கேட்டாள். 2002இல் வந்த பதிப்பில் அதிகாரிகளின் துப்பாக்கிகளை வாக்கி-டாக்கிகளாக மாற்றியிருந்தார்கள். பின்னர் அந்த மாற்றத்திற்காக வருந்திய ஸ்பீல்பெர்க் பழைய வடிவத்திற்கே திரும்பினார். அவர் செய்தது சரி. பிள்ளைகள் பயப்பட வேண்டிய இடத்தில் பயப்படட்டும், பக்கத்தில் பெரியவர்கள் இருந்தால் போதும்.

பிராட் பேர்ட் இயக்கிய 'தி அயர்ன் ஜயன்ட்' (1999) வெளியானபோது திரையரங்குகளில் தோற்றுப்போன படம் என்பதை நம்பவே முடியவில்லை. சோவியத் ஒன்றியத்தின் ஸ்புட்னிக் செயற்கைக்கோள் விண்ணில் ஏவப்பட்ட 1957ஆம் ஆண்டின் அச்சம் கதையின் பின்னணியாக இருப்பதால், பார்ப்பதற்கு முன் பனிப்போரைப் பற்றிப் பிள்ளைகளுக்கு ஐந்து நிமிடம் சொல்லிவிடுவது நல்லது. வேட்டைக்காரர்கள் சுட்ட மானை, கதையின் நாயகனான ராட்சத இரும்பு மனிதன் குனிந்து தொட்டுப் பார்க்கும் காட்சியில் எங்கள் வீட்டில் யாரும் பேசவில்லை.

தமிழ்ப் படங்களுக்கு வந்தபோது நிலைமை தலைகீழானது. அம்மா முதலில் சிரிக்க, பிள்ளைகள் ஆங்கில வசன வரிகளைப் படித்துவிட்டு அடுத்த நொடியில் சிரித்தார்கள். அந்த மாலைகளில் மட்டும் கடலை, பட்டாணி, முறுக்கு எல்லாவற்றையும் காகிதக் கூம்புகளில் போட்டுத் தந்தார் அம்மா. அந்நாளில் திரையரங்கு வாசலில் நம் ஆட்கள் விற்ற கச்சாங் பூத்தே இல்லாமல் தமிழ்ப் படம் பார்க்கக் கூடாது என்பது அவருடைய கட்டளை. இரா. ரவிக்குமாரின் 'இன்று நேற்று நாளை' (2015), 2065இல் உருவாக்கப்பட்ட கால இயந்திரம் இரண்டு இளைஞர்கள் கையில் சிக்குவதைச் சொல்கிறது. தொலைந்த பொருளை இறந்தகாலத்திற்கே போய்ப் பார்த்துவிட்டு வந்து, ஜோதிடம் என்று சொல்லிக் காசு பார்க்கிறார்கள். இந்த ஒரு கற்பனைக்காகவே படத்தைப் பரிந்துரைப்பேன். கால இயந்திரத்தை இவ்வளவு இயல்பாக நம் ஊர் வாழ்க்கைக்குள் கொண்டுவந்த படம் வேறொன்றை நான் பார்த்ததில்லை. அவர்களுடைய கடந்தகாலப் பயணம் ஒன்றினால் சாக வேண்டிய ரவுடி உயிர்பிழைக்க, நிகழ்காலமே மாறிவிடுகிறது. மகன் பழைய பயிற்சிப் புத்தகத்தில் கோடுகள் போட்டு, எது எதனால் மாறியது என்று பாட்டிக்கு விளக்கினான், அதுவும் தமிழில். அதே இயக்குநரின் 'அயலான்' (2024) படத்தில், சித்தார்த்தின் குரலில் பேசும் வேற்றுக்கிரகவாசி வரும்போதெல்லாம் மகள் கைதட்டினாள். ஆனால் வில்லன் தரப்புச் சண்டைகள் நீளம். அவற்றை ஓட்டிவிட்டுப் பார்த்தாலும் நட்டமில்லை. 'எந்திரன்' (2010) படத்தின் முதற்பாதியை எல்லோரும் ரசிக்கலாம். இயந்திர மனிதன் சிட்டி கொலைகாரனாக மாறிய பிறகு வரும் பகுதியைத் தொடக்கநிலைப் பிள்ளைகளுக்கு நான் காட்டவில்லை.

கிறிஸ் சாண்டர்ஸ் இயக்கிய 'தி வைல்ட் ரோபோ' (2024) எனக்குத் தனிப்பட்ட முறையில் நெருக்கமானது. ஆளில்லாத தீவில் கரையொதுங்கிய இயந்திரம், ஓரிடத்தில் அசையாமல் அமர்ந்து, விலங்குகளின் பேச்சைக் கேட்டுக் கேட்டே கற்றுக்கொள்கிறது. வாத்துக் குஞ்சொன்றை அது வளர்த்துப் பறக்கவிடும் கதையில் வசனம் நிறைய இருந்தும், அம்மா விளக்கம் கேட்டது இரண்டு இடங்களில்தான்.

தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையத்தின் வகைப்பாட்டில் பி.ஜி.13 (13 வயதுக்குக் குறைந்தோருக்குப் பெற்றோர் வழிகாட்டல்) என்பது பெற்றோருக்கான அறிவுரைதான், தடை அன்று. ஆகவே முடிவு நம் கையில் இருக்கிறது. 'பேக் டு த ஃபியூச்சர்' (1985) விறுவிறுப்பானது என்றாலும், துப்பாக்கிச் சூடும் ஒரு பெண்ணிடம் அத்துமீறும் காட்சியும் அதில் வருவதால், மகள் உறங்கிய பின் மகனுக்கு மட்டும் போட்டேன். 169 நிமிடங்கள் ஓடும் 'இன்டர்ஸ்டெல்லார்' (2014), அவன் உயர்நிலை மூன்றில் இயற்பியல் எடுக்கும்வரை காத்திருக்கும்.