பறவை பார்க்கத் துப்பாக்கி ஸ்கோப் வேண்டாம்: டெல்டாவில் எனக்குச் சரிப்பட்ட கண்ணாடிகள்

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வடுவூர், உதயமார்த்தாண்டபுரம் மாதிரி ஏரிகளுக்கு ஒரு 8×42 பைனாக்குலர் போதும். கோடியக்கரைக்கு மட்டும் ஸ்பாட்டிங் ஸ்கோப், அதாவது ட்ரைபாடில் வைத்து ஒற்றைக் கண்ணால் பார்க்கும் தொலைநோக்கி வேண்டும், அதுவும் காலை எட்டரை மணி வரைக்கும்தான். துப்பாக்கியில் மாட்டுகிற ஸ்கோப்பை மட்டும் வாங்காதீர்கள், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும்.

கடைசி வரி எதற்கு என்றால், மன்னார்குடியில் எனக்கு உரக்கடை. ஞாயிற்றுக்கிழமை காலையில் பைனாக்குலரை மாட்டிக்கொண்டு ஏரிக்குப் போவேன் என்பது ஊருக்குத் தெரியும். பையன்கள் கடைக்கு வந்து போனை நீட்டுவார்கள். "அண்ணே, இது 6-24×50னு போட்டிருக்கு. இருபத்துநாலு மடங்கு. உங்களுது எட்டு மடங்குதானே? விலையும் பாதிதான்." உரமூட்டையில் 17-17-17 என்று போட்டிருந்தால் உள்ளே அது இருந்தாக வேண்டும், சட்டம் இருக்கிறது. ஸ்கோப் டப்பாவில் போட்டிருக்கும் மடங்கும் பொய் இல்லைதான். ஆனால் அந்த எண்ணை வைத்துக்கொண்டு பறவையைப் பார்க்க முடியுமா என்பது தனிக் கதை.

இதில் என் குரு யார் என்றால், டெக்சாஸில் இருக்கும் தங்கை வீட்டுக்காரர். அங்கே மான் வேட்டைக்கு லைசென்ஸ் உண்டு, பருவம் உண்டு. ரைஃபிள் ஸ்கோப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். நம் ஊரில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கும்போது அந்தப் பேச்சுக்கே வேலை இல்லை என்று நினைத்திருந்தேன். கேட்டுப் பார்த்தால், தூரத்தில் இருப்பதைத் தெளிவாகப் பார்ப்பது எப்படி என்பதில் வேட்டைக்காரனுக்கும் நமக்கும் பாதிக்கு மேல் ஒரே பாடம்தான்.

அவர் சொன்ன முதல் விஷயமே பையன்களின் கேள்விக்குப் பதிலாக அமைந்தது. "மச்சான், நாங்களே ஸ்கோப்பை வச்சுத் தேட மாட்டோம். ஸ்கோப் எங்க திரும்புதோ அங்க துப்பாக்கிக் குழலும் திரும்பும். புதருக்குப் பின்னாடி அசையுறது மனுஷனா மானான்னு பார்க்க அதைத் திருப்புறவன் கூட யாரும் போக மாட்டாங்க. தேடுறது பைனாக்குலர்ல, உறுதி பண்றது ஸ்பாட்டிங் ஸ்கோப்புல, அப்புறம்தான் துப்பாக்கி." ஆக வேட்டைக்காரர்களே பார்ப்பதற்கு என்று பயன்படுத்தாத ஒன்றை நாம் எதற்குப் பறவை பார்க்க வாங்க வேண்டும்?

மற்ற காரணங்களும் இருக்கின்றன. சுடும்போது துப்பாக்கி பின்னால் உதைக்கும். கண்ணில் இடிக்காமல் இருக்க, ரைஃபிள் ஸ்கோப்பைக் கண்ணிலிருந்து ஒன்பது சென்டிமீட்டர் வாக்கில் தள்ளி வைத்துப் பார்க்கும்படி செய்திருப்பார்கள். கையில் வெறுமனே பிடித்தால் அந்த இடைவெளி நிற்காது. ஓரமெல்லாம் கறுப்பு வளையமாக ஆடும். அடுத்தது காட்சியின் அகலம். சாதாரண 3-9×40 ஸ்கோப்பை ஒன்பது மடங்கில் வைத்தால், நூறு மீட்டரில் ஏறக்குறைய நான்கு மீட்டர் அகலம்தான் தெரியும். என் எட்டு மடங்கு பைனாக்குலரில் அதே தூரத்தில் பன்னிரண்டரை மீட்டர். பையன்கள் காட்டிய இருபத்துநாலு மடங்கிலோ ஒன்றரை மீட்டர் தேறினால் பெரிது. பறக்கிற நீலச்சிறகியை அதற்குள் பிடித்துவிட்டால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள். போதாததற்கு நடுவில் குறிபார்க்கிற கூட்டல் கோடு வேறு.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பறவைகள் சரணாலயத்தின் கரையில் துப்பாக்கி ஸ்கோப்பைக் கண்ணில் வைத்துக்கொண்டு நின்றால் வனத்துறைக்காரர் வந்து விசாரிப்பார். விசாரிக்கத்தான் வேண்டும். வடுவூர் பக்கம் பறவைகளைத் திருட்டுத்தனமாகப் பிடிப்பது இன்னும் முழுதாக நின்றுவிடவில்லை.

சரி, எட்டு மடங்குக்கு வருவோம். டப்பாவில் 8×42 என்று இருந்தால் 8 மடங்கு, முன்பக்க லென்ஸ் 42 மில்லிமீட்டர். 42-ஐ எட்டால் வகுத்தால் 5.25. பைனாக்குலரை வெளிச்சத்துக்கு எதிரே ஒரு கை தூரத்தில் தள்ளிப் பிடித்தால், கண் வைக்கும் பக்கத்தில் ஒரு ஒளிவட்டம் தெரியும். அதன் குறுக்களவுதான் அந்த 5.25 மில்லிமீட்டர். நம் கண்ணின் பாப்பா இளவயதில் இருட்டில் ஏழு மில்லிமீட்டர் வரை விரியும். ஐம்பதைத் தாண்டினால் ஐந்தைத் தொடுவதே பெரும்பாடு. ஆகவே என் வயதுக்கு 8×42 தருகிற வெளிச்சம் ஏறக்குறைய முழுதும் கண்ணுக்குள் போகிறது. அதற்கு மேல் கொடுத்தால் வீண். 10×42 என்றால் வட்டம் 4.2 ஆகச் சுருங்கும். நடுப்பகலில் கண் பாப்பாவே இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் என்பதால் வித்தியாசம் தெரியாது. தெரிவது சாயங்காலத்தில்.

வடுவூரில் பார்க்க வேண்டியதே சாயங்காலம்தானே. தஞ்சாவூர் - மன்னார்குடி சாலையில் போகிறவர்கள் பகல் பன்னிரண்டு மணிக்கு இறங்கி நின்று, நாலு நாமக்கோழியைப் பார்த்துவிட்டு "ஒண்ணும் இல்லையே" என்று கிளம்பிவிடுகிறார்கள். கார்த்திகை, மார்கழியில் சூரியன் இறங்கிய பிறகு நின்று பாருங்கள். வயலுக்கு மேயப் போன வெள்ளை அரிவாள் மூக்கன்கள் வரிசை வரிசையாகத் திரும்பி வரும். நத்தை குத்தி நாரை வரும். பாம்புத்தாரா இறக்கையை விரித்துக் காயவைத்தபடி கருவேல மரத்தில் உட்கார்ந்திருக்கும். அந்த அரை மணி நேரத்தில் 10×42-இல் எல்லாம் கறுப்பு உருவம். 8×42-இல் நாரையின் அலகு நடுவில் இருக்கும் இடுக்குகூடத் தெரிகிறது. டெக்சாஸ் சட்டத்தில் மான் சுட அனுமதிக்கும் நேரம், சூரிய உதயத்துக்கு அரை மணி முன்னால் தொடங்கி அஸ்தமனத்துக்கு அரை மணி பின்னால் முடிகிறது. அந்த இரண்டு அரை மணிக்காகத்தான் அங்கே ஆட்கள் பெரிய லென்ஸுக்குப் பணத்தைக் கொட்டுகிறார்கள் என்றார் மாப்பிள்ளை. கேட்டதும் வடுவூர் கரைதான் ஞாபகம் வந்தது.

நான் வைத்திருப்பது நிக்கான் ப்ரோஸ்டாஃப் பி3, 8×42. வாங்கக் காரணம் ஒன்றே ஒன்று: மூக்குக் கண்ணாடி. கண்ணாடி போட்டவர்கள் டப்பாவில் மடங்கைப் பார்ப்பதற்கு முன் ஐ ரிலீஃப் எவ்வளவு என்று பாருங்கள். ஐபீஸிலிருந்து, அதாவது கண் வைக்கும் பக்கத்து லென்ஸிலிருந்து, கண் எவ்வளவு தூரம் வரை தள்ளி இருந்தால் முழுக் காட்சியும் தெரியும் என்பதன் அளவு அது. குறைந்தது 15 மில்லிமீட்டர் வேண்டும், 18 இருந்தால் நிம்மதி. இதில் 20.2. கண்ணாடியைக் கழற்றாமலே முழு வட்டமும் தெரிகிறது. கரையில் நின்று கண்ணாடியைக் கழற்றி, பைனாக்குலரை எடுத்து, திரும்பக் கண்ணாடியைத் தேடுவதற்குள் மீன்கொத்தி அடுத்த ஊருக்குப் போய்விடும். காட்சியின் அகலம் 7.2 டிகிரி, அதாவது ஆயிரம் மீட்டரில் 126 மீட்டர். எடை 600 கிராமுக்குள், கழுத்து வலிப்பதில்லை. உள்ளே நைட்ரஜன் அடைத்திருப்பதால் மார்கழிப் பனியில் லென்ஸின் உள்பக்கம் மூடுவதில்லை. கொடுத்த காசுக்கு முழுத் திருப்தி.

கண்ணாடி போடாதவர்களுக்கு இன்னும் குறைந்த விலையில் வழி இருக்கிறது. ஒலிம்பஸ் 8×40 டி.பி.எஸ்.-1 பழைய பாணி போரோ ப்ரிசம், அதாவது முன் லென்ஸும் கண் வைக்கும் லென்ஸும் ஒரே நேரில் இல்லாத வகை, தோள்பட்டை அகலமாக இருக்கும். அழகு பார்க்காதீர்கள். 8.2 டிகிரி அகலம், இந்த விலைக்கு அது தாராளம். ஐ ரிலீஃப் 12 மில்லிமீட்டர்தான், அதனால்தான் கண்ணாடி போடாதவர்களுக்கு என்றேன். மழையில் நனைக்கக்கூடாது. நிக்கான் ஆக்குலான் 10×50-ஐயும் பலர் வாங்குகிறார்கள். ஒளிவட்டம் சரியாக ஐந்து வருகிறது, ஆனால் எடை 900 கிராம். பத்து மடங்கில் கை நடுக்கமும் பத்து மடங்காகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உட்கார்ந்து பார்க்கிறவர்களுக்குப் பரவாயில்லை.

விலை குறைந்த பைனாக்குலர்களில், நிறம் பிரிவதைக் குறைக்கும் ஈ.டி. லென்ஸ் இல்லாத எதிலும், வெயிலில் நிற்கிற வெள்ளைக் கொக்கின் ஓரத்தில் மெல்லிய ஊதாக்கோடு விழும். எனக்கு அது உறுத்தவில்லை. உறுத்துகிறவர்கள் இரண்டு மூன்று மடங்கு கூடுதலாகச் செலவு செய்யத் தயாராகுங்கள்.

இப்போது கோடியக்கரை. இங்கே கதை மாறுகிறது. வேதாரண்யம் பெருஞ்சதுப்பில் பூநாரைகள் நிற்பது ஒரு கிலோமீட்டர், சில நாள் அதற்கும் மேல். சேற்றில் இறங்க முடியாது, இறங்கவும் கூடாது. எட்டு மடங்கில் பார்த்தால், ஒரு கிலோமீட்டரில் நிற்பது 125 மீட்டரில் நிற்பது போலத் தெரியும். பூநாரை என்று தெரியும், அவ்வளவுதான். பெரிய பூநாரை என்றால் அலகு இளஞ்சிவப்பு, நுனி மட்டும் கறுப்பு. சின்னப் பூநாரைக்கு அலகே கருஞ்சிவப்பு. கூட்டத்தில் சின்னது ஒன்றிரண்டு கலந்திருக்கிறதா என்று தேட முப்பது மடங்கு வேண்டும். உள்ளான்கள் கதை இன்னும் மோசம். கொசு உள்ளானையும், அலகு நுனி லேசாக வளைந்த உள்ளானையும் பைனாக்குலரில் பிரிப்பதற்குள் கண் கலங்கிவிடும்.

அதற்காக வாங்கியது ஒரு 20-60×80 ஸ்பாட்டிங் ஸ்கோப். கம்பெனிப் பெயர் வேண்டாம், ஏனென்றால் குறை சொல்லப் போகிறேன். இருபதிலிருந்து முப்பத்தைந்து மடங்கு வரை அருமை. நாற்பதில் மங்க ஆரம்பிக்கிறது. அறுபது என்பது டப்பாவில் அச்சடிப்பதற்கு மட்டும். கணக்கே சொல்லிவிடுகிறது: எண்பதை அறுபதால் வகுத்தால் ஒளிவட்டம் 1.3 மில்லிமீட்டர். ஃபோகஸ் திருகும் இறுக்கம், காலைக் குளிரில் இன்னும் இறுக்கம். ஐபீஸ் சாய்வாக இருக்கிற மாடலை எடுத்தது மட்டும் நல்ல முடிவு. ட்ரைபாடைத் தாழ்வாக வைத்துவிட்டு என் தங்கை மகளும் பார்க்கலாம், நானும் குனிந்து பார்க்கலாம். நேராக இருக்கிற மாடலில் ஆளுக்கு ஆள் உயரத்தை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஆனால் எவ்வளவு விலை கொடுத்தாலும் தீராத சிக்கல் ஒன்று உண்டு: கானல். வெயில் ஏறியதும் சேறும் உப்பளமும் சூடாகி, மேலே இருக்கும் காற்று நெளிய ஆரம்பிக்கும். ஸ்கோப் பறவையைப் பெரிதாக்குவது போலவே நெளிவையும் பெரிதாக்கும். தை மாதத்தில்கூட ஒன்பது மணிக்கு மேல் பூநாரையின் கால் பாம்பாக ஆடும். அந்த நேரத்தில் மடங்கைக் கூட்டுவதால் பயனே இல்லை, குறைத்தால்தான் கொஞ்சமாவது தெளியும். லட்ச ரூபாய் ஸ்கோப்புக்கும் இதே கதிதான், காற்று எல்லாருக்கும் பொது. தூரத்தில் சுடுகிறவர்கள் இந்தக் கானல் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துக் காற்றின் வேகத்தைக் கணிப்பார்களாம். நமக்கு அந்த லாபமும் இல்லை. மழை விட்டு மேகம் மூடிய நாள் கிடைத்தால் மத்தியானம் வரை பார்க்கலாம்.

ட்ரைபாடில் கஞ்சத்தனம் பண்ணாதீர்கள். ஸ்கோப்போடு இலவசமாக வருகிற மேசை ட்ரைபாடைப் பிரிக்கவே வேண்டாம். கடற்காற்றில் முப்பது மடங்கு நிற்க வேண்டுமென்றால் கனமான கால் வேண்டும். நடுக்கம்பை ஏற்றாமல், அதில் தண்ணீர் பாட்டில் பையைத் தொங்கவிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் லென்ஸைத் துணியால் தேய்க்காமல், முதலில் ஊதி உப்புத் தூசியைப் போக்கிவிட்டு அப்புறம் துடையுங்கள். ஐப்பசியிலிருந்து நம் பக்கத்து ஈரத்தில் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். தோல் பையில் மூடி பீரோவில் வைப்பது அதற்கு விருந்து வைப்பதுதான். காற்றுப் புகாத டப்பாவில் சிலிகா ஜெல்லோடு வைத்தால் போதும். சிலர் அரிசியில் புதைப்பார்கள், தவிடு லென்ஸ் இடுக்கில் போய் உட்காரும், வேண்டாம்.

ஆன்லைனில் வாங்கினால் வந்த அன்றே சோதித்துவிடுங்கள், திருப்பி அனுப்ப நாள் இருக்கும். தூரத்துக் கோபுரக் கலசத்தைப் பாருங்கள். இரண்டாகத் தெரிந்தாலோ, ஐந்து நிமிடத்தில் தலை வலித்தாலோ இரண்டு குழலும் ஒரே நேரில் இல்லை என்று அர்த்தம். ஒளிவட்டம் முழு வட்டமாக இல்லாமல் ஓரம் வெட்டிச் சதுரம் மாதிரி தெரிந்தால் ப்ரிசத்தில் மலிவுக் கண்ணாடி போட்டிருக்கிறார்கள். லேசாகக் குலுக்கினால் உள்ளே எதுவும் உருளக்கூடாது.

பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வாங்குகிறவர்கள் இரண்டு குழலையும் முழுதாக நெருக்கி அவர்கள் கண்ணுக்குப் பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். பெரும்பாலான 42 மில்லிமீட்டர் மாடல்கள் சின்ன முகத்துக்கு அகலம். ஆறு மடங்கு, முப்பது மில்லிமீட்டர் வாக்கில் கிடைத்தால் அதுவே நல்லது. எடையும் குறைவு, கீழே போட்டாலும் மனது அவ்வளவாக வலிக்காது.